ஒவ்வொன்றாய் விட்டவர்: சினைப்பைப் புற்றுநோயில் பயம் தணிந்த ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண்மணி ஒரே ஒரு நபர் அல்ல. அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக, ஒரே நோயும் ஒரே மாதிரிச் சிக்கலும் இருந்த சிலரின் விவரங்களைச் சேர்த்து ஒருவராக எழுதியிருக்கிறேன். வயது, தொழில், குடும்பம் எல்லாம் மாற்றப்பட்டவை. நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை. அதனால் பேச்சுப் பக்கம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

நோயின் போக்கு

வயது 56. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மேற்பார்வையாளர். வீட்டில் கணவரும் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் மகனும். மகள் திருமணமாகி வேறு ஊரில். சில மாதங்களாக வயிறு உப்பலாக இருந்ததை வாயுத் தொல்லை என்றே நினைத்திருக்கிறார். சினைப்பைப் புற்றுநோயில் இது சகஜம்தான். ஆரம்பத்தில் இதுதான் என்று காட்டிக்கொடுக்கும் அறிகுறி எதுவும் இருக்காது. அதனால் பெரும்பாலானோருக்கு வயிற்றுக்குள் பரவிய பிறகே தெரியவருகிறது. இவருக்கும் தெரியவந்தபோது மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை, அப்புறம் 21 நாளுக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் என்ற இரண்டு கீமோ மருந்துகள், மொத்தம் 6 சுற்று. நோய் அடங்கியது.

ஒன்றரை ஆண்டில் திரும்பி வந்தது. மறுபடி கீமோ, மறுபடி அடங்கியது. ஆனால் இரண்டாவது முறை அடங்கி 6 மாதம் ஆவதற்குள் மீண்டும் தலைதூக்கியது. கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகை மருந்தை முடித்து 6 மாதத்துக்குள் நோய் திரும்பினால், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத நோய் என்று வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பின் கொடுக்கும் ஒற்றை மருந்துக் கீமோவில் 10 பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் கட்டி கணிசமாகச் சுருங்குகிறது. இந்தக் கட்டத்தில்தான், நோயின் வலியையும் தொல்லைகளையும் தணிக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவான எங்களிடம் அனுப்பினார்கள்.

கணவருக்கு இதில் உடன்பாடில்லை. "இங்கே அனுப்பிட்டாங்கன்னா கைவிட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்?" என்று வாசலிலேயே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 2010இல் ஜெனிபர் டெமல் குழுவினர் வெளியிட்ட ஆய்வை மருத்துவர் அவருக்கு எடுத்துச் சொன்னார். முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது, மற்றவர்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். அது வேறு புற்றுநோய், அதே பலன் இங்கேயும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். கணவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

முதல் பேச்சு

"சாவுக்கெல்லாம் எனக்குப் பயம் இல்லை தம்பி. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் இருந்த பயிற்சிச் செவிலியருக்கு அது பெரிய பக்குவமாகத் தெரிந்தது. நோயாளிக்குக் கோபம், பேரம், சோர்வு எல்லாம் கடந்து கடைசியில் ஏற்பு வரும் என்று 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் சொன்ன ஐந்து நிலைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள், இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்ததும் ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார்கள். அந்த நிலைகள் வரிசையாக வருவதில்லை என்பது இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தாலே புரிந்துவிடும்.

பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 வினாத்தாளைக் கொடுத்தோம். 15ஐ எட்டினாலே கடுமையான பதற்றம். இவர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார். இரவு எப்படிப் போகிறது என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. நடு இரவில் மூச்சு முட்டி எழுந்துவிடுகிறார். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு, அதில் தெரியும் எண்ணையே பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். கணவரை எழுப்புவதில்லை. "அவர் எழுந்தா பயந்துடுவார்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். இந்தப் புற்றுநோயின் போக்கைக் கணிக்க உதவும் சிஏ-125 இரத்தப் பரிசோதனையின் ஒவ்வொரு அளவும் தேதியோடு, சிவப்பு மையிலும் பச்சை மையிலும். 35 வரை இயல்பு என்பதால் அந்த இடத்தில் ஒரு கோடு. ஓரத்தில் முந்தைய அளவிலிருந்து எத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்ற கணக்கு. நேர்த்தியான வேலை. பரிசோதனைக்கு முந்தைய வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்காது, முடிவு வரும்வரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்று கணவர் சொன்னார்.

பயம் என்று மொத்தமாகச் சொல்லாமல் எதெதற்குப் பயம் என்று தனித்தனியாக எழுதச் சொன்னேன். கணக்குக்காரர் என்பதால் பட்டியல் போடுவது அவருக்குப் பிடித்த வேலை. மூச்சுத் திணறிச் சாவது முதலில் இருந்தது. அடுத்து, வீட்டு வரவு செலவு எதுவும் தெரியாத கணவர். மகனின் வேலை. உடம்பில் வாடை வந்துவிடுமோ என்பது. மகள் முன்னால் உடைந்து அழுதுவிடுவோமோ என்பது. தன் அக்காவோடு பல வருடமாகப் பேச்சு இல்லாதது. இறப்பு கீழே எங்கோ, அதுவும் ஒரு கேள்விக்குறியோடு இருந்தது.

இறந்துபோவதைவிட இறக்கும் விதமும், விட்டுப்போகும் பொறுப்புகளுமே பலரை அதிகம் ஆட்டுகின்றன. "சாவுக்குப் பயமில்லை" என்று அவர் சொன்னது பொய்யில்லை. அவர் பயந்தது வேறு எதற்கெல்லாமோ.

முதலில் வயிற்று நீர்

மூச்சு முட்டுகிறவரிடம் போய் "விட்டுவிடுங்கள்" என்று சொல்வது அபத்தம். வயிற்றில் கோத்திருந்த நீர் உதரவிதானத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. படுத்தால் நுரையீரல் விரிய இடமில்லை. மூச்சு முட்டினால் பயம், பயந்தால் மூச்சு வேகமாகிறது, வேகமானால் இன்னும் முட்டுகிறது. இந்தச் சுழல் முதலில் உடைய வேண்டும்.

நீரை எடுத்தார்கள். அது திரும்பத் திரும்பச் சேர்ந்ததால், பிறகு வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாகப் பொருத்தி, வீட்டிலேயே செவிலியர் வடித்துவிடும்படி செய்தார்கள். வாய்வழி மார்ஃபின் மிகக் குறைந்த அளவில் தொடங்கியது. மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதுமே குடும்பம் பதறியது. மூச்சை நிறுத்திவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அளவறிந்து படிப்படியாகக் கொடுத்தால் மூச்சுத் திணறல் என்ற உணர்வை அது தணிக்கும் என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கையில் பிடிக்கும் சிறிய மின்விசிறி ஒன்றும் கொடுத்தோம். முகத்தில் குளிர்ந்த காற்று பட்டால் அங்குள்ள நரம்பு வழியாக மூளைக்குப் போகும் செய்தியே திணறலைக் குறைக்கிறது. நம்புவதற்குக் கடினமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும். தியானம் என்றால் மூச்சைக் கவனிப்பதுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூச்சுத் திணறல் உள்ள ஒருவரை மூச்சைக் கவனிக்கச் சொன்னால் நிலைமை மோசமாகவே வாய்ப்பு அதிகம். இவருக்கும் வேறோர் இடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்; இரண்டு நிமிடத்தில் ஆக்சிமீட்டரைத் தேடியிருக்கிறார். நாங்கள் உள்ளங்கைகளைத் தொடை மேல் வைத்து அந்தத் தொடுகையைக் கவனிக்கச் சொன்னோம். அது ஒத்துவந்தது.

இரண்டு வாரத்தில் இரவுத் தூக்கம் ஓரளவு சீரானது. பட்டியலின் முதல் வரி கிட்டத்தட்ட அடிபட்டுப்போனது. மற்ற வரிகள் அப்படியே இருந்தன.

நோட்டு

அடுத்து எதை எடுக்கலாம் என்று அவரையே கேட்டேன். நோட்டைக் காட்டினார். "இதைப் பார்க்காம இருந்தா ஏதோ தப்பு பண்ற மாதிரி இருக்கு."

இதற்கு வெறும் ஆறுதல் போதாது, தகவல் வேண்டும். அவருக்குத் தகவலில்தான் நம்பிக்கை. 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றைப் புற்றுநோய் மருத்துவர் எடுத்து வைத்தார். முதல் சிகிச்சையில் நோய் அடங்கிய 1442 பெண்களைச் சேர்த்துக்கொண்டு, 3 மாதத்துக்கு ஒருமுறை சிஏ-125 பார்த்தார்கள். முடிவு நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை தருபவருக்கும் தெரியாது. அளவு இயல்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய 529 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே கீமோ, மறு பகுதிக்கு அறிகுறி தென்பட்ட பிறகு கீமோ. உடனே தொடங்கியவர்கள் ஏறத்தாழ 5 மாதம் முன்னதாகவே கீமோவில் இறங்கினார்கள். ஆயுளில் லாபம் எதுவும் இல்லை. வாழ்க்கைத் தரம்தான் சீக்கிரம் சரிந்தது.

அந்த ஆய்வு முதல் சிகிச்சைக்குப் பிந்தைய காலத்தைப் பற்றியது, அதற்குப் பின் புதிய மருந்துகளும் வந்திருக்கின்றன. ஆகவே எல்லோரும் பரிசோதனையை நிறுத்திவிடலாம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இவர் விஷயத்தில் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: "இந்த எண் ஏறினா மருந்து மாறுமா டாக்டர்?"

"மாறாதும்மா. உங்க உடம்பும் ஸ்கேனும் சொல்றதை வச்சுத்தான் முடிவு பண்ணுவேன்."

"அப்ப இத்தனை நாளா நான் எதுக்கு இதை எழுதிட்டிருந்தேன்?"

மருத்துவர் பதில் சொல்லவில்லை. பரிசோதனை நின்றது. முதல் மாதம் ஒருமுறை, "ஒரே ஒரு தடவை பார்த்துடலாமே" என்று தொலைபேசியில் கேட்டார். பார்க்கலாம், தடையில்லை என்றோம். அவர்தான் வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

இது மருத்துவத்தையே விட்டுவிட்ட கதையல்ல. அதே சமயத்தில் லிப்போசோமல் டாக்ஸோரூபிசின் கீமோவுக்கு அவர் சம்மதித்திருந்தார். சில சுற்றுகளில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிந்தது. அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. ஸ்கேனில் முன்னேற்றம் இல்லை. நிறுத்தலாமா என்ற பேச்சை அவரே எடுத்தார். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. முடிவு எப்படி அமையும் என்பது யார் கையிலும் இல்லை. அந்த இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது இந்த மாதங்களில்தான்.

மின்கட்டணம்

பட்டியலில் கணவர் பற்றிய வரிதான் அதிக நேரம் எடுத்தது. முப்பது வருடமாக வீட்டுக் கணக்கு முழுவதும் இவர் கையில். காப்பீடு, வங்கி, கடன் தவணை எதற்கும் கணவருக்குக் கடவுச்சொல் தெரியாது. அதில் இவருக்கு ஒரு பெருமையும் இருந்தது, ஒளித்து என்ன ஆகப்போகிறது.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அது சுலபம். கணவர் அதைச் செய்யும்போது குறுக்கே போகாமல் இருப்பதுதான் பயிற்சி. ஒருநாள் நான் வீட்டுக்குப் போயிருந்தபோது மின்கட்டணம் கட்டும் படலம் நடந்தது. கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றை விரலால் கடவுச்சொல்லை அடித்தார். தவறு. மறுபடி அடித்தார். ஓடிபி வந்தது; குறுஞ்செய்தியைத் திறந்து, எண்ணைப் படித்து, திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது முறை கணக்கே முடங்கியது. இவர் எதிரே நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். உதடு துடித்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாளைக்கு வங்கிக்குப் போய்ட்டு வரேன்" என்றார் கணவர்.

"சரி."

அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். தூங்கவில்லை. தவணை நாள் தாண்டி அபராதத்தோடு கட்டினார்கள். ஆனால் அடுத்த மாதம் கணவர் தடுமாறாமல் கட்டினார். அதற்கடுத்த மாதம் காப்பீட்டு நிறுவனத்தோடு தொலைபேசியில் சண்டை போட்டு, நிலுவையில் இருந்த தொகையை வாங்கினார். "அந்த மனுஷனுக்கு இவ்வளவு குரல் இருக்கும்னு எனக்கே தெரியாது தம்பி" என்று சிரித்தார். இந்தச் சிரிப்பு முதல் நாள் சிரிப்பைப் போல இல்லை.

மகள் முன்னால் அழுவது தானாகவே நடந்தது. குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது இருவருமே அழுதிருக்கிறார்கள். அப்புறம் அந்த வரியைப் பற்றிப் பேச்சே இல்லை. வாடை பற்றிய வரிக்குச் செவிலியர் ஒரு பதில் வைத்திருந்தார். நேரடியான, கூச்சமில்லாத பதில். எது வந்தால் என்ன செய்வோம் என்று விளக்கிவிட்டார், முடிந்தது.

அக்கா விஷயம் முடியவில்லை. கூப்பிடலாமா என்று மகள் கேட்டபோது வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் துருவவில்லை. கடைசிவரை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மகன் விஷயமும் பாதிதான். அவன் வேலைக்குப் போவதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை அவர் விடவே இல்லை. விட வேண்டும் என்று யார் சொன்னது?

பயம் திரும்பிய இரவு

எங்களிடம் வந்த ஐந்தாவது மாதத்தில் அவருக்குக் குடல் அடைப்பு வந்தது. இந்தப் புற்றுநோயின் பின்கட்டத்தில் அடிக்கடி வருவது. பச்சையாக வாந்தி, வயிற்றை முறுக்கும் வலி. மருத்துவமனைக்கு வரும் வழியெல்லாம் கத்தியிருக்கிறார். கணவரின் கையை நகம் பதியப் பிடித்திருந்தார். குடலில் நீர் சுரப்பதைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடும் ஸ்டீராய்டும் கொடுத்து, மார்ஃபினைத் தோலுக்கடியில் சீராகச் செலுத்தும் பம்பு வைத்த பிறகு அடங்கியது.

மறுநாள் பார்க்கப் போனேன். எங்கள் குழுவில் சிலர் கவலைப்பட்டார்கள். இத்தனை மாத உழைப்பும் ஒரே இரவில் கரைந்துவிட்டதே என்று. அவரிடம் நேரடியாகவே கேட்டேன்.

"பயந்தேன் தம்பி. நல்லாவே பயந்தேன். பயந்தா பயந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

முதல் நாள் அவர் சொன்ன வெள்ளம், சாண், முழம் வசனத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அன்று பயம் இல்லை என்று சொன்னவர் இரவெல்லாம் விழித்திருந்தார். இப்போது பயந்தேன் என்று சொல்கிறவர் மதியம் குறட்டை விட்டுத் தூங்கினார். ஓர் எண்ணத்தை வரவிடாமல் தடுக்க முயன்றால் அதுவே அடிக்கடி வந்து நிற்கும் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் சோதித்துக் காட்டியிருக்கிறார். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடிதான் திரும்பத் திரும்ப வந்தது. தைரியமாகத் தெரிய வேண்டும் என்ற காவலை இவர் எடுத்துவிட்ட பிறகு, பயம் வந்தது, இருந்தது, போனது.

அதற்குப் பின் சில வாரங்கள் இருந்தார். வீட்டில்தான் இறந்தார். கடைசி இரண்டு நாள் பெரும்பாலும் உறக்கம். பதற்றத்துக்கென்று தனியாக மருந்து தேவைப்படவில்லை.

விவாதம்

பயம் குறைந்ததற்கு எது காரணம்? எங்கள் மருத்துவரின் கருத்து எளிமையானது: நீரை வடித்தோம், மார்ஃபின் கொடுத்தோம், தூக்கம் வந்தது, மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி. இதில் உண்மை இருக்கிறது. உடல், மனம், குடும்பம், நம்பிக்கை என்று எல்லாப் பக்கமும் சேர்ந்ததுதான் முழு வேதனை என்று 1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் சொன்னார். அவரே உடல் வலியை முதலில் அடக்குவதில் விடாப்பிடியாக இருந்தவர். ஆனால் வயிற்று நீர் வடிந்த பிறகும் நோட்டும் கணவரும் பட்டியலில் இருந்தார்கள். அவை குழாய் வழியாகப் போகவில்லை.

என் கணிப்பு இது. இவர் விட்ட ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்ள எதிரில் ஓர் ஆள் இருந்தார். நோயைக் கண்காணிக்கும் பொறுப்பை மருத்துவர் வாங்கிக்கொண்டார், வீட்டுக் கணக்கைக் கணவர், உடம்பைச் செவிலியரும் மகளும். "எல்லாம் போச்சு, விடு" என்பது விரக்தி. அதில் எதையும் யாரிடமும் கொடுப்பதில்லை, அதனால் சுமையும் இறங்குவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அமைதி போலத் தெரிவதுதான் சிக்கல். பகல் பேச்சை வைத்துப் பிரித்தறிய முடியாது. இரவு எப்படிப் போகிறது என்று கேட்டால் ஓரளவு பிடிபடும். விரக்தி போலத் தெரிவது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதைப் பக்குவம் என்று நினைத்து விட்டுவிடுவதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் அஞ்சும் தவறு.

எல்லாவற்றையும் விட்டால்தான் பயம் போகும் என்பதற்கும் இந்த நிகழ்வு இடம் கொடுக்கவில்லை. அக்காவின் மேல் இருந்த கோபமும் மகன் மேல் இருந்த ஆசையும் கடைசிவரை இருந்தன, பயம் குறைந்தும் இருந்தது. குடும்பத்தார் சில நேரம் நல்லெண்ணத்தில் சமரசக் காட்சிகளை ஏற்பாடு செய்யப் பார்ப்பார்கள். நோயாளி கேட்காதவரை வேண்டாம் என்றே சொல்வேன்.

சிறு குழந்தைகளை வைத்திருக்கும் இளம் நோயாளிகளுக்கு இந்த வழி அப்படியே பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஐந்து வயதுக் குழந்தையை "இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் வாய் யாருக்கு இருக்கிறது? அங்கே வேறு வகையான உதவி வேண்டும்.

இப்போது எங்கள் பிரிவில் முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. இரவில் விழித்தால் முதலில் நினைவுக்கு வருவது எது? அதை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்? இரண்டாவது கேள்விக்கு "யாரும் இல்லை" என்று பதில் வந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுச் சமூகப் பணியாளரைக் கூப்பிடுகிறோம்.